ஆறு கண்ணாடி வயிறுகள்

எனக்கு மொத்தம் ஏழு வயிறுகள். ஒன்று எல்லோருக்கும் இருப்பதுதான். காலை பத்து மணிக்கே கத்த ஆரம்பித்துவிடும். மற்ற ஆறும் கண்ணாடி. நான் வேலை பார்க்கும் மாத்திரைத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில், ஒரு வெந்நீர்த் தொட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அடி உருண்ட ஆறு பாத்திரங்கள். வயிற்றுக்குள் இருப்பது போன்ற அமிலத்தை ஒவ்வொன்றிலும் அளந்து ஊற்றுவேன். முப்பத்தேழு டிகிரிக்குச் சூடு வந்ததும் ஆளுக்கொரு மாத்திரை போடுவேன். மேலிருந்து இறங்கும் துடுப்பு நிமிடத்துக்கு ஐம்பது சுற்று சுற்றும். மாத்திரை கரைகிறதா, எவ்வளவு நேரத்தில் கரைகிறது, எவ்வளவு மருந்து வெளியே வருகிறது என்று சொல்வதுதான் என் வேலை. பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் மாத்திரை விழுங்குவது பற்றி யார் பேசினாலும் நான் சும்மா இருக்க மாட்டேன். தலைவலி மாத்திரையைத் தண்ணீரே இல்லாமல் விழுங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுப்பவர்களைக் கண்டால் அதைவிட அதிகம். "முழு டம்ளர் தண்ணி! உக்காந்து!" என்று பேருந்தில் முன்பின் தெரியாத ஒரு ஆளை அதட்டியிருக்கிறேன். அவர் பயந்துபோய் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

அந்தப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தது என் அக்கா.

அக்கா பதினேழு வருடமாக டிரைவர். ஒரே வழித்தடம், ஒரே முதல் வண்டி. எந்த நிறுத்தத்தில் யார் நிற்பார், யார் ஓடி வருவார், யாருக்காக அரை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஸ்டியரிங் கையில் இருந்தால் அவளுக்குப் பசி, தூக்கம், புருஷன் எதுவும் வேண்டாம். இதை மாமாவே பெருமையாகச் சொல்வார். மாமா என்றால் அக்காவின் கணவர். வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். ஊர் மெஷின்களுக்கெல்லாம் எண்ணெய் போடும் மனிதர் தன் வீட்டுக் கதவு கிறீச்சிடுவதைக் கேட்டு, "அது அலாரம், திருடன் வந்தா தெரியும்" என்பார்.

போன வருடம் அக்காவுக்கு உடம்பு கனக்க ஆரம்பித்தது. எந்நேரமும் அசதி, குளிர், மறதி. தொண்டையில் இருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டது என்றார் டிப்போ டாக்டர். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. ரத்தத்தில் ஒரு எண் இருக்கிறது. அது நாலுக்குள் இருந்தால் சௌக்கியம், ஏறினால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். அக்காவின் எண் பதினெட்டு.

மாத்திரை எழுதிக் கொடுத்த அன்றே நான் போனில் பிரசங்கம் செய்தேன்.

"காலைல எந்திரிச்சதும் போடணும். ஒரு முழு டம்ளர் தண்ணி குடிக்கணும். ஒரு வாய் இல்ல, முழு டம்ளர். அப்புறம் அரை மணி நேரம் வயித்துல ஒண்ணும் படக்கூடாது. வேற கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை எதாவது சாப்பிடுறியா? அதுக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் தள்ளி இருக்கணும்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடி. நீ மூச்சு விடு" என்றாள் அக்கா.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எண் இருபது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அடுத்து இருபத்திரண்டு. மறுபடி கூட்டினார். எண் இருபத்துநாலில் போய் நின்றுகொண்டது. மருந்து ஏற ஏற நோயும் கூடவே ஏறியது.

அப்புறம்தான் அது நடந்தது. ஒரு நாள் முதல் வண்டியில், அடுத்தடுத்து மூன்று நிறுத்தங்களை அக்கா நிறுத்தாமலே தாண்டிப் போனாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் புகார் வந்தது. டாக்டர் அவளை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, டிப்போ வாசலில் இருக்கும் விசாரணை ஜன்னலில் உட்கார வைத்தார். இரண்டரை மாதம் கெடு. அதற்குள் அந்த எண் கீழே வராவிட்டால் ஓட்டுநர் தகுதிச் சான்று ரத்து, நிரந்தரமாக ஜன்னல்தான்.

"மணி என்ன, எத்தனாவது நம்பர் வண்டி, கழிப்பறை எங்க இருக்கு. இதான்டி இனிமே என் வாழ்க்கை" என்றாள். அக்கா அழுகிற ஜாதியில்லை. அவள் குரல் அப்படி உள்ளே போயிருந்ததை நான் கேட்டதே இல்லை.

சரி, குற்றவாளியைக் கண்டுபிடித்தே தீருவது என்று களத்தில் இறங்கினேன்.

முதல் சந்தேகம் மாத்திரை மேல். அது எங்கள் கம்பெனி சரக்கில்லை, அதுவே பாதி குற்றம். அக்காவின் அட்டையிலிருந்து ஆறு மாத்திரைகளை எடுத்துக்கொண்டு எங்கள் தர மேலாளரிடம் போனேன். அவருக்கு டாக்குமென்ட் என்று பெயர். நாங்கள் வைத்ததுதான். அவரிடம் மழை பெய்கிறது என்று சொன்னாலும் டாக்குமென்ட் எங்கே என்பார்.

"வெளி மாத்திரைய நம்ம மெஷின்ல போடுறதா? ரெஜிஸ்டர்ல என்னம்மா எழுதுவீங்க? மாதிரியின் பேர், அக்காவா?"

"பயிற்சி ஓட்டம்னு எழுதலாம் சார். பயிற்சிக்கு எந்த மாத்திரையும் போடலாம்னு நம்ம விதியிலயே இருக்கு. நாலாவது பக்கம்."

டாக்குமென்ட்டுக்கு டாக்குமென்ட்டைக் காட்டினால் அப்பீலே கிடையாது. கையெழுத்துப் போட்டார்.

ஆறு கண்ணாடி வயிறுகளிலும் அக்காவின் மாத்திரைகள் விழுந்தன. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். கால் மணி நேரத்துக்குள் ஆறும் சுத்தமாகக் கரைந்தன. அளந்து பார்த்தால் மருந்தும் சரியாக இருக்கிறது. வழக்கமாகக் கொஞ்சம் குசும்பு காட்டும் ஐந்தாவது வயிறுகூட அன்று சமர்த்தாக இருந்தது.

மாத்திரை யோக்கியம். அப்படியானால் ஆள்தான் அயோக்கியம்.

இரண்டாவது சந்தேகம் மாமா மேல். மாமாவின் காபிப் பைத்தியம் உலகப் பிரசித்தம். கண் விழித்த பத்தாவது நிமிடம் அடுப்பில் காபி இருக்கும். பக்கத்தில் யார் இருந்தாலும் கையில் ஒரு டம்ளரைத் திணித்துவிடுவார். காபி இந்த மாத்திரையின் வைரி. கூடவே போனால் மருந்தை உடம்புக்குள் சேரவிடாது. ஞாயிற்றுக்கிழமை நேரே வீட்டுக்குப் போய் அவரைக் கூண்டில் ஏற்றினேன்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. மாத்திரை போட்ட கையோட அவளுக்குக் காபி குடுக்குறீங்களா?"

"விஞ்ஞானியம்மா, சத்தியமா இல்ல. அரை மணி நேரம் கழிச்சுதான். வேணும்னா கடிகாரத்தக் கேளு."

"உங்க கடிகாரம் போன மாசமே நின்னு போச்சு மாமா."

அன்றே தீர்ப்புச் சொன்னேன்: காலையில் அந்த வீட்டில் காபி தடை. மாமா காபிப் பொடி டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கொடுக்கும் முன் ஒரு முறை திறந்து மோந்து பார்த்துக்கொண்டார். எனக்கு இரக்கமே வரவில்லை.

மூன்று வாரம் அவர் வெந்நீரைக் குடித்துக்கொண்டு மெஷின் ரிப்பேர் செய்தார். ரவிக்கை தைக்கும் ஒரு அம்மாவின் மெஷினில் ஊசியைத் திருப்பி மாட்டி அனுப்பிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மூன்று வாரம் முடிந்ததும் அக்காவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தோம். இருபத்துநாலேகால்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. இன்னும் ஆறு வாரம்தான் பாக்கி. அக்காவைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் ஆகும் என்று சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்த் தங்கினேன். மாமா ஒளித்து வைத்துக் காபி போடுகிறார் என்றுதான் அப்போதும் நம்பினேன். கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, விடியும் முன்பே எழுந்து சமையலறையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ஐந்து மணிக்கு அக்கா வந்தாள். விளக்கைப் போட்டாள். என்னைப் பார்த்து, "அம்மாடி!" என்று அலறி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"நீ உன் வேலையப் பாரு. நான் இல்லன்னு நினைச்சுக்கோ" என்றேன்.

"நினைச்சுக்கிற மாதிரியா உக்காந்திருக்கே?"

அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள். பெரிய டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்தாள். சரி. நான் சொன்ன மாதிரியே முழு டம்ளர். எனக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அப்புறம் அலமாரியைத் திறந்து ஒரு நீளமான குழாயை எடுத்தாள். மூடியைத் திறந்து கவிழ்த்தாள். வட்டமாக ஒரு வில்லை டம்ளருக்குள் விழுந்தது. சுர்ர்ரென்று நுரை பொங்கி, தண்ணீர் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியது. வெள்ளை மாத்திரையை வாயில் போட்டு, அந்த ஆரஞ்சுத் தண்ணீரை மடக் மடக்கென்று முழுவதும் குடித்து முடித்தாள்.

அந்தக் குழாய் எங்கள் கம்பெனிக் குழாய்.

எங்கள் தொழிற்சாலையில் மாதக் கடைசியில் ஊழியர்களுக்கு ஆளுக்கு ஆறு குழாய் கொடுப்பார்கள். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் கால்சியம் வில்லை, ஆரஞ்சு வாசனை. லேபிள் கோணலாக ஒட்டப்பட்டவை, வெளியே விற்க முடியாதவை. எங்கள் ஆட்கள் யார் வீட்டிலும் அதை மருந்து என்று யாரும் நினைப்பதில்லை. அதுதான் ஜூஸ். விருந்தாளி வந்தால் அதுதான், பிள்ளைகள் அழுதால் அதுதான். மாதாமாதம் என் பங்கை அக்கா வீட்டுக்கு அனுப்புவது நான்தான். பதினான்கு வருடமாக அதைக் கையில் தொட்டுத் தொட்டு எனக்கே அது மாத்திரை என்பது மறந்து போயிருந்தது.

"அக்கா," என்றேன். "இத எப்பலேருந்து குடிக்கிற?"

"மாத்திரை ஆரம்பிச்ச நாள்லேருந்து. நீதானே முழு டம்ளர் தண்ணி குடிக்கச் சொன்னே? விடிஞ்சும் விடியாம அவ்வளவு பச்சத்தண்ணி எனக்குக் குமட்டுதுடி. இத போட்டா இறங்கிடுது."

"நான் கேட்டேனே! கால்சியம் மாத்திரை சாப்பிடுறியான்னு போன்லயே கேட்டேனே!"

"இது எங்கடி மாத்திரை? இது நீ குடுக்குற ஜூஸ்."

டாக்டரும் கேட்டிருக்கிறார், வேறு மாத்திரை உண்டா என்று. இல்லை என்றிருக்கிறாள். பொய்யே சொல்லவில்லை, பாவம்.

இரைச்சல் கேட்டு மாமா வேட்டியை முடிந்துகொண்டே வந்தார். நான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு விளக்க முயன்றேன். மாத்திரை வயிற்றில் கரைவது பாதி வேலைதான். கரைந்த மருந்து சிறுகுடலுக்குப் போக வேண்டும், குடலின் சுவர் வழியாக ரத்தத்துக்குள் இறங்க வேண்டும். கூடவே கால்சியம் போனால் அது மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிடியை விடாது. இரண்டும் சேர்ந்து சுவருக்குள் இறங்காமல் அப்படியே வெளியே போய்விடும். என் ஆறு கண்ணாடி வயிறுகளுக்குக் கரைக்கத்தான் தெரியும். அவற்றுக்குக் குடல் இல்லை. அலமாரியும் இல்லை, அதில் ஆரஞ்சுக் குழாயும் இல்லை.

அக்கா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதாவது, என் மருந்து இறங்க வேண்டிய ஸ்டாப்ல இறங்காம, இந்த ஆரஞ்சு கையப் புடிச்சுகிட்டு கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிடுது."

"ஆமா" என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை.

"அந்த மூணாவது ஸ்டாப்ல ஒரு அம்மா கையக் காட்டிகிட்டே நின்னாங்கடி. நான் பாத்தேன். பாத்துட்டுதான் இருந்தேன். காலு பிரேக்குக்குப் போகல. பின்னாடி கண்ணாடில பாக்குறேன், அவங்க கை இன்னும் இறங்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் இனிமே லாயக்கில்லன்னு நினைச்சுட்டேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது. அவளுக்காகப் பாதி, வெட்கத்தில் பாதி.

மாமா என் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினார். நான் பெட்டியைத் திறந்து, சாட்சிப் பொருளாகக் கூடவே கொண்டுவந்திருந்த, மூன்று வாரமாகச் சிறைப்பட்டிருந்த காபிப் பொடி டப்பாவை எடுத்து அதில் வைத்தேன். "விடுதலை!" என்று டப்பாவிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். அக்காவுக்கு மட்டும் அன்று அரை மணி நேரம் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தார்.

அடுத்த கஷ்டம் டாக்டர். சொல்லாமல் விட்டால் ஆபத்து: கால்சியம் நின்றுவிட்டால், இரண்டு முறை கூட்டிய மருந்து முழுசாக உடம்பில் ஏறும், எண் அதலபாதாளத்துக்குப் போய்விடும், நெஞ்சு படபடக்கும். அதனால் அக்காவோடு நானும் போய் டாக்டர் முன்னால் நின்றேன். ஆதியோடந்தம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

"மாத்திரைக் கம்பெனில, டாக்டர்."

"என்ன வேலை?"

"மாத்திரை சரியா கரையுதான்னு பாக்குற வேலை."

நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவர் நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை. "நல்லது" என்று மட்டும் சொன்னார். மருந்தைப் பழைய அளவுக்கே குறைத்து எழுதினார். ஆரஞ்சுத் தண்ணீர் வேண்டுமென்றால் சாயங்காலம். ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா எனக்குத் தண்டனை அறிவித்தாள்.

"பச்சத்தண்ணி குடிச்சுட்டு அரை மணி நேரம் சும்மா உக்காரணும். எனக்குக் குமட்டும். நீதான் பேசி மறக்கடிக்கணும். தினம் அஞ்சு மணிக்குப் போன் வரும். எடுக்கணும்."

"அஞ்சு மணிக்கா? அக்கா, நான் மனுஷி."

"மூணு வாரம் என் புருஷனுக்குக் காபி கிடையாது. அவரும் மனுஷர்தான்."

அன்று ராத்திரியே போனில் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

தினமும் ஐந்து மணிக்குப் போன் அடித்தது. "போட்டாச்சு. பேசு" என்பாள். முதல் வாரம் நான் தூக்கக் கலக்கத்தில் உளறினேன். இரண்டாவது வாரம் டாக்குமென்ட்டின் கதைகள். அப்புறம் எங்கள் சின்ன வயதுச் சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுவிசாரணை செய்தோம். என் பச்சை ரிப்பனைக் கிழித்தது அவள்தான் என்று ஒப்புக்கொண்டாள். விசாரணை ஜன்னலில் ஒரு ஆள் தினமும் வந்து ஒரே கேள்வி கேட்பதையும், அவருக்கு எங்குமே போக வேண்டியதில்லை என்பதையும் சொன்னாள். நாலாவது வாரம் அவள் குரலில் வித்தியாசம் தெரிந்தது. வார்த்தைகள் சீக்கிரம் வந்தன. குளிரவில்லை என்றாள். ஐந்தாவது வாரம் என்னைப் பேசவே விடவில்லை.

ஆறு வாரம் முடிந்தது. ரத்தம் கொடுத்தாள். மறுநாள் மத்தியானம் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வயிறுகளும் சுற்றிக்கொண்டிருந்தபோது மாமா போன் செய்தார்.

"விஞ்ஞானியம்மா, மூணு புள்ளி ஒண்ணு."

நான் போட்ட கூச்சலில் டாக்குமென்ட் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, "ரிப்போர்ட் காப்பி இருக்கா?" என்று கேட்டார்.

டாக்டர் சான்றில் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாளிலிருந்து வண்டி என்று அக்கா சொன்னாள். அந்த மூன்றாம் நாள் காலை நான் ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே விழித்துவிட்டேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து ஆயிற்று. ஐந்தேகால் ஆயிற்று. அடிக்கவே இல்லை. சாவியைக் கையில் வாங்கியதும் என்னை மறந்துவிட்டாள் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு அந்த அரை மணி நேரம் இனி தேவையில்லை. எனக்குத்தான் தேவைப்படுகிறது என்று புரிந்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

ஆறு மணிக்கு வாசலில் பேருந்தின் ஹாரன் கேட்டது. எங்கள் வீட்டுக்கு எதிரேதான் நிறுத்தம். போட்டிருந்த பழைய நைட்டியோடு, தலைகூட வாராமல் ஓடினேன். முதல் வண்டி நின்றுகொண்டிருந்தது. கதவு திறந்தது. தேய்த்த யூனிஃபார்மில் அக்கா. முதல் சீட்டில் மாமா, மடியில் காபி பிளாஸ்க்.

"போன் ஏன் பண்ணல?" என்று கத்தினேன்.

"யூனிஃபார்ம தேய்ச்சுட்டு இருந்தேன். அரை மணி நேரம் ஓடினதே தெரியல. பச்சத்தண்ணிதான், முழு டம்ளர். கத்தாத, ஏறு."

"இந்தக் கோலத்துலயா?"

"ஏறுடி, வண்டிக்கு நேரமாச்சு."

ஏறினேன். மாமா பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி என் கையில் திணித்தார். அக்கா கியரைப் போட்டாள். வழி முழுக்க ஒரு நிறுத்தத்தைக்கூட அவள் விடவில்லை. ஆளில்லாத நிறுத்தங்களிலும் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு நொடி பார்த்துவிட்டு மூடினாள். அந்த மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் கையைத் தூக்கும் முன்பே வண்டி அவர் முன்னால் போய் நின்றது.